கண்மாய்த் தரையும் தொடக்க மதிப்பும்: ஆர் மென்பொருளில் ஹார்ட்டன் வளைவைப் பொருத்திய ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

மதுரையைச் சுற்றியுள்ள கண்மாய்களில் வண்டல் அள்ளும்போதெல்லாம் ஆயக்கட்டுக்காரர்களிடையே ஒரு வாக்குவாதம் எழும். வண்டலை எடுத்துவிட்டால் தண்ணீர் நிலத்துக்குள் நன்றாக இறங்கி அடுத்துள்ள கிணறுகளில் ஊறும் என்பார்கள் சிலர். வண்டல் போனால் தண்ணீர் தங்காது, இரண்டாம் நனைப்புக்கு மிச்சம் இருக்காது என்பார்கள் வேறு சிலர். இரு தரப்பிலும் அனுபவம் உண்டு. அளந்து பார்த்தவர்கள் மட்டும் குறைவு.

முதுகலை மாணவி ஒருவர் தன் ஆய்வேட்டுக்காக இதை அளக்க முன்வந்தார். திருமங்கலம் பக்கம் கரிசல் தரையில் ஒரு கண்மாய், மேலூர் பக்கம் செம்மண் தரையில் ஒரு கண்மாய். இரண்டிலும் வண்டல் அள்ளிய இடம், அள்ளாத இடம், மடையோரம், உள்வாயின் (தண்ணீர் தேங்கும் உட்பரப்பின்) நடுப்பகுதி என்று பல இடங்களைத் தேர்ந்தார். வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் உள்வாயில் கால் வைக்க முடியாது. ஆகவே எல்லா அளவையும் ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் முடித்தாக வேண்டும்.

கருவி இரட்டை வளையம். இரண்டு இரும்பு வளையங்களை ஒன்றுக்குள் ஒன்றாகத் தரையில் அடித்து இறக்கி, இரண்டிலும் தண்ணீர் ஊற்றி, உள்வளையத்தில் மட்டம் எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்று நேரம் வைத்துக் குறிப்பார்கள். வெளிவளையத்துத் தண்ணீர் உள்வளையத்துத் தண்ணீரைப் பக்கவாட்டில் பரவவிடாமல் நேர்கீழே இறங்கவைக்கும்.

காய்ந்த தரை முதலில் வேகமாகக் குடிக்கும். போகப் போக வேகம் குறைந்து ஒரு நிலையில் நிற்கும். இதை விவரிக்க அமெரிக்க நீரியலாளர் ராபர்ட் ஹார்ட்டன் தந்த சமன்பாடு இன்றும் புழக்கத்தில் இருக்கிறது:

வேகம் = இறுதி வேகம் + (தொடக்க வேகம் − இறுதி வேகம்) × எக்ஸ்ப்(−தேய்வு எண் × நேரம்)

எக்ஸ்ப் என்பது e என்ற எண்ணின் அடுக்கு. கண்டுபிடிக்க வேண்டியவை மூன்று: தொடக்க வேகம், இறுதி வேகம், வேகம் எவ்வளவு விரைவாகக் குறைகிறது என்று சொல்லும் தேய்வு எண். தேய்வு எண் அடுக்குக்குள் இருப்பதால் இது நேர்கோட்டுப் பொருத்தம் அல்ல. புள்ளியியல் கணக்குகளுக்கான ஆர் மென்பொருளின் என்எல்எஸ் கட்டளை இதைச் செய்யும். ஆனால் அது காஸ்–நியூட்டன் முறையில் படிப்படியாக நகர்ந்து விடை தேடுவது. எங்கிருந்து தேடத் தொடங்குவது என்று நாம்தான் சொல்ல வேண்டும். அந்த இடத்தில்தான் மாணவி நின்றுபோனார். அவருடைய வழிகாட்டி அவரைப் புள்ளியியல் ஆலோசனைக்காக என்னிடம் அனுப்பினார்.

கையில் இருந்த அளவுகள்

அவர் முதலில் காட்டியது கரிசல் கண்மாயில் வண்டல் அள்ளிய இடத்தின் அளவுகள். நேரம் நிமிடத்தில், வேகம் மணிக்குச் செ.மீ. கணக்கில்:

5 நிமிடம்: 18.9
10 நிமிடம்: 14.2
15 நிமிடம்: 11.8
20 நிமிடம்: 9.1
30 நிமிடம்: 6.7
45 நிமிடம்: 4.2
60 நிமிடம்: 3.7
90 நிமிடம்: 3.0
120 நிமிடம்: 3.1

நல்ல தரவு இது. முதலில் செங்குத்தாக இறங்கி, பிறகு வளைந்து, கடைசியில் படுத்துவிடுகிறது. இப்படிப்பட்ட தரவிலும் பொருத்தம் வரவில்லை என்றால் கோளாறு தரவில் இருக்க வாய்ப்பில்லை என்று அப்போதே சொன்னேன்.

முதல் பிழைச்செய்தி

தொடக்க மதிப்பு எதுவும் தராமல் அவர் என்எல்எஸ் ஓட்டியிருந்தார். அப்படி ஓட்டினால் ஆர் ஒரு எச்சரிக்கை தந்துவிட்டு எல்லா மதிப்பையும் 1 என்று வைத்துக்கொள்ளும். உடனே ‘சிங்குலர் கிரேடியன்ட் மேட்ரிக்ஸ் அட் இனிஷியல் பராமீட்டர் எஸ்டிமேட்ஸ்’ என்ற பிழை வந்து நின்றுவிட்டது.

இந்தச் சமன்பாட்டுக்கு அந்த மூன்று 1-களைவிட மோசமான தொடக்கம் இருக்க முடியாது. தொடக்க வேகமும் இறுதி வேகமும் ஒரே எண் என்றால் அவற்றின் வித்தியாசம் 0. தேய்வு எண் அந்த 0-ஐத்தான் பெருக்குகிறது. அதை எவ்வளவு மாற்றினாலும் வளைவு அசையாது, படுத்த கோடாகவே கிடக்கும். தேய்வு எண்ணை எந்தப் பக்கம் நகர்த்துவது என்று காஸ்–நியூட்டன் முறை கேட்கிறது. பதில் கிடைக்காததால் முதல் அடியே எடுத்துவைக்காமல் நிற்கிறது.

சக மாணவர் ஒருவர், சுழற்சிகளின் உச்ச எண்ணிக்கையைக் கூட்டச் சொல்லியிருந்தார். என்எல்எஸ் இயல்பாக 50 சுழற்சி வரை போகும். அதை 500 ஆக்கியும் பயனில்லை. தேடல் தொடங்கும் முன்பே வரும் பிழைக்கும் சுழற்சிகளின் எண்ணிக்கைக்கும் தொடர்பு இல்லை.

இரண்டாவது முயற்சி: அலகு மாறிய எண்

அடுத்து மாணவி செய்தது நியாயமான காரியம். ஒரு பாடப்புத்தகத்தின் தீர்த்துக்காட்டிய கணக்கிலிருந்து தேய்வு எண் 4 என்று எடுத்து, தொடக்க வேகம் 20, இறுதி வேகம் 3 என்று கொடுத்திருந்தார். பிந்திய இரண்டும் தரவுக்கு மிக நெருக்கமானவை. ஆனாலும் அதே பிழை வந்தது. இங்கேதான் அவர் மனம் தளர்ந்திருக்கிறார்.

“ஏம்மா, அந்த 4 எந்த யூனிட்ல இருக்கு?” என்று கேட்டேன்.

புத்தகத்தைத் திறந்து பார்த்தார். “மணிக்கு, சார்.”

“உங்க நேரம்?”

“நிமிஷத்துல…” என்று சொல்லும்போதே அவருக்குப் புரிந்துவிட்டது.

மணிக்கு 4 என்பது நிமிடத்துக்குச் சுமார் 0.067. அதை அப்படியே 4 என்று நிமிடக் கணக்கில் போட்டால் 5-ஆம் நிமிடத்திலேயே எக்ஸ்ப்(−20) வருகிறது, அதாவது நூறு கோடியில் இரண்டு பங்கு. 10-ஆம் நிமிடத்தில் அது எக்ஸ்ப்(−40), ஏறத்தாழ ஒன்றுமே இல்லை. முதல் 5 நிமிடத்துக்குள் எல்லாம் தேய்ந்து முடிந்துவிட்டது என்று மென்பொருளிடம் சொல்கிறோம். அப்படியானால் தொடக்க வேகத்தைப் பற்றியும் தேய்வு எண்ணைப் பற்றியும் பேசக்கூடிய புள்ளி ஒன்றே ஒன்று, அந்த 5-ஆம் நிமிடப் புள்ளி. ஒரு புள்ளியை வைத்து இரண்டு மதிப்பைப் பிரித்தறிய முடியாது. ஒவ்வொரு மதிப்பையும் சிறிது நகர்த்தினால் வளைவு எவ்வளவு அசையும் என்று காட்டும் சாய்வு அணியில், அவற்றுக்குரிய இரண்டு நிரல்களும் ஒன்றின் மடங்காக இன்னொன்று ஆகிவிடுகின்றன. பிழைச்செய்தியில் உள்ள சிங்குலர் என்ற சொல் சொல்ல வருவது அதைத்தான்.

என்ன முடிவெடுத்தோம், ஏன்

இரண்டு வழிகள் இருந்தன. மின்பேக் டாட் எல்எம் தொகுப்பின் என்எல்எஸ்எல்எம் கட்டளைக்கு மாறுவது ஒன்று. அது லெவன்பெர்க் 1944-லும் மார்க்வார்ட் 1963-லும் தந்த முறையில் இயங்குவது. மோசமான தொடக்கத்தையும் பல நேரம் தாங்கிக்கொள்ளும். இன்னொன்று, தொடக்க மதிப்பை வரைபடத்திலிருந்தே எடுப்பது. இரண்டாவதை முதலில் செய்வோம் என்று முடிவெடுத்தோம். மாணவியிடம் பல இடங்களின் தரவு இருந்தது. எல்லாம் இதுபோல ஒழுங்காக இருக்கும் என்று நம்ப இடமில்லை. தாங்கும் சக்தி அதிகமுள்ள கட்டளை, கோளாறான தரவிலும் பிழை காட்டாமல் ஏதாவது ஒரு எண்ணைத் தந்துவிடும். எந்த இடத்தில் வழுக்குகிறது என்பது தெரிய வேண்டுமானால் மூன்று மதிப்பையும் கண்ணால் பார்த்திருக்க வேண்டும்.

இறுதி வேகம்: வரைபடத்தின் வலது ஓரம். கடைசி அளவுகள் 3.0, 3.1. அதற்குச் சற்றுக் கீழே 2.9 என்று எடுத்தோம். கீழே எடுப்பதற்குக் காரணம் உண்டு. அடுத்த படியில் இந்த மதிப்பை ஒவ்வோர் அளவிலிருந்தும் கழித்து மடக்கை எடுக்க வேண்டும். மிச்சம் 0 ஆகவோ குறை எண்ணாகவோ இருந்தால் மடக்கை கிடைக்காது.

தேய்வு எண்: கழித்து வந்த மிச்சத்துக்கு இயல் மடக்கை எடுத்தால் அது நேரத்தோடு நேர்கோடாக இறங்க வேண்டும். 5-ஆம் நிமிடத்தில் 2.77, 30-ஆம் நிமிடத்தில் 1.34. 25 நிமிடத்தில் 1.44 இறக்கம், ஆகச் சாய்வு சுமார் 0.058.

தொடக்க வேகம்: அதே கோட்டை 0 நிமிடத்துக்குப் பின்னோக்கி நீட்டினால் 3.06 வருகிறது. மடக்கையை நீக்கினால் 21.3, அதோடு 2.9 சேர்த்தால் 24.2. முதல் அளவு 18.9 என்பதால் தொடக்க வேகத்தையும் 19 என்று வைப்பவர்கள் உண்டு. முதல் அளவு 5 நிமிடம் கழித்து எடுத்தது, அதற்குள் வேகம் நிறையக் குறைந்துவிட்டது.

இந்தப் படியில் மாணவி ஒன்பது புள்ளிகளையும் சேர்த்து மடக்கைக் கோடு போட்டுப் பார்த்தார். தேய்வு எண் 0.044, தொடக்க வேகம் 17.4 என்று வந்தது. முதல் அளவே 18.9 இருக்க, தொடக்கம் 17.4 என்பது பொருந்தாது. கடைசி இரண்டு புள்ளிகளில் மிச்சம் 0.1, 0.2. அளவுகோலில் அரை மில்லிமீட்டர் பிசகினாலே மடக்கையில் அது பெரிய ஆட்டமாகத் தெரியும். அந்த இரண்டும் சேர்ந்து கோட்டைத் தங்கள் பக்கம் இழுத்துவிட்டன. ஆகவே மடக்கைக் கோட்டுக்கு முதல் ஐந்து புள்ளி போதும் என்று வைத்துக்கொண்டோம். ஆய்வேடுகளில் மடக்கைக் கோட்டின் விடையையே இறுதி விடையாக எழுதும் வழக்கம் இன்னும் இருக்கிறது. அது தேடலின் தொடக்கத்துக்கு ஏற்றது, முடிவாக வைக்கத் தகாது.

இதைவிட விரைவான வழியும் உண்டு. தொடக்கத்துக்கும் இறுதிக்கும் இடையே உள்ள உயரம் பாதியாக எத்தனை நிமிடம் ஆகிறது என்று வரைபடத்தில் பார்த்து, 0.693-ஐ அதால் வகுத்தால் தேய்வு எண். இங்கே அது 11, 12 நிமிடம். விடை 0.06.

2.9, 24.2, 0.058 என்று கொடுத்து என்எல்எஸ் ஓட்டியதும் பிழையின்றி முடிந்தது. இறுதி வேகம் 3.0, தொடக்க வேகம் 24.1, தேய்வு எண் 0.06 என்ற அளவில் நின்றது.

பிறகு எஸ்எஸ்அசிம்ப் என்ற கட்டளையைக் காட்டினேன். ஆர் மென்பொருளோடே வரும், தொடக்க மதிப்பைத் தானே கண்டுபிடிக்கும் சமன்பாடுகளில் அது ஒன்று. ஹார்ட்டன் என்ற பெயர் அதன் உதவிப் பக்கத்தில் இல்லாததால் நீரியல் மாணவர்கள் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். சமன்பாடு எழுத்துக்கு எழுத்து இதுவேதான். ஒரே வேறுபாடு, தேய்வு எண்ணை நேரடியாகத் தராமல் அதன் இயல் மடக்கையைத் தரும். 0.06-க்கு −2.81. மடக்கையாக வைப்பதால் தேடலின்போது தேய்வு எண் குறை எண்ணாக மாற வழியில்லை. உள்ளே அது செய்வதும் நாங்கள் கையால் செய்ததைப் போன்ற வேலைதான்.

இடையில் ஒன்று. கட்டளை சரியாக எழுதியிருக்கிறோமா என்று சோதிக்க, மாணவி சமன்பாட்டிலிருந்தே பிசகில்லாத அளவுகளை உருவாக்கி ஓட்டிப் பார்த்திருக்கிறார். அதுவும் ஒரு விடையில் நிற்காமல் போனது அவரை இன்னும் குழப்பியது. பிழையே இல்லாத செயற்கைத் தரவில் என்எல்எஸ்-ஐப் பயன்படுத்த வேண்டாம் என்று அதன் உதவிப் பக்கமே எச்சரிக்கிறது. மிச்சப் பிழையோடு, அதாவது அளவுக்கும் வளைவுக்கும் உள்ள வித்தியாசத்தோடு, ஒப்பிட்டுத்தான் எப்போது நிற்பது என்று அது முடிவு செய்கிறது. மிச்சமே இல்லாதபோது ஒப்பிட எதுவும் இல்லை. சிறிது சிதறலைச் சேர்த்தால் போதும்.

தேய்வு எண்ணை மட்டும் நகர்த்திப் பார்த்தது

மற்ற இடங்களுக்குப் போகும் முன் இன்னொன்றையும் பழகிக்கொண்டோம். எனக்கு இதில் மிகுந்த நம்பிக்கை உண்டு. இந்தச் சமன்பாட்டில் தேய்வு எண்ணை ஒரு மதிப்பில் நிறுத்திவிட்டால் மீதி இரண்டும் சாதாரண நேர்கோட்டுப் பொருத்தத்தில் கிடைத்துவிடும். எல்எம் கட்டளை போதும், தொடக்க மதிப்பே தேவையில்லை. ஆகவே தேய்வு எண்ணை 0.001-லிருந்து 1 வரை வரிசையாக நகர்த்தி, ஒவ்வொன்றுக்கும் மிச்சங்களின் வர்க்கக் கூட்டலைக் கணக்கிட்டு வரைந்தால் தேடல் நடக்கும் நிலப்பரப்பு முழுதும் ஒரே படத்தில் தெரிந்துவிடும்.

முதல் இடத்தின் தரவுக்கு 0.03-இல் கூட்டல் சுமார் 17, 0.06-இல் 0.44, 0.12-இல் சுமார் 20. நடுவே ஒரே ஒரு ஆழமான பள்ளம். இப்படி ஒரு படம் இருந்தால் விடை ஒன்றுதான், வேறு எங்கும் ஒளிந்திருக்கவில்லை என்று துணிந்து எழுதலாம். பாடப்புத்தகத்து 4-ஐயும் இதே வழியில் போட்டுப் பார்த்தோம். அந்தத் தேய்வு எண்ணுக்கு ஏற்ற தொடக்க வேகம் மணிக்குச் சுமார் 580 கோடி செ.மீ. என்று வந்தது. மாணவி அந்த எண்ணைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டார்.

மடையோரத்து இடம்

பெரும்பாலான இடங்கள் இந்த முறையில் வரிசையாக முடிந்தன. செம்மண் கண்மாயின் மடையோரம் மட்டும் முடியவில்லை. அங்கே தரையில் ஏற்கெனவே ஈரம் இருந்தது. அளவுகள் 5, 10, 15, 20, 30, 45 நிமிடங்களில் 6.1, 5.9, 5.8, 5.5, 5.2, 4.6. அதோடு நிறுத்தியிருந்தார்கள்.

எஸ்எஸ்அசிம்ப் பிழை தந்தது. கையால் எடுக்க முயன்ற தொடக்க மதிப்புகளோடும் தேடல் ஒரு விடையில் நிற்கவில்லை. அங்கே கையால் எடுப்பதே முடியாமல் இருந்தது என்பதுதான் முக்கியமான சேதி. வரைபடத்தின் வலது ஓரம் படுக்கவில்லை. இறுதி வேகம் என்று விரலை வைக்க இடமில்லை.

மாணவி என்எல்எஸ்எல்எம் கட்டளைக்கு மாறி, இறுதி வேகம் 0-க்குக் கீழே போகக்கூடாது என்று எல்லை வைத்து ஓட்டினார். பிழை எதுவும் இல்லை. தொடக்க வேகம் 6.3, இறுதி வேகம் 0, தேய்வு எண் 0.007 என்று அழகான அட்டவணை வந்தது. “இது வந்துடுச்சு சார்” என்று மகிழ்ச்சியோடு அனுப்பினார்.

இறுதி வேகம் 0 என்றால் கொஞ்ச நேரத்துக்குப் பிறகு அந்தத் தரை ஒரு சொட்டுக்கூடக் குடிக்காது என்று பொருள். வண்டல் அள்ளலாமா வேண்டாமா என்று முடிவெடுக்கப்போகும் ஊருக்கு முன்னால் வைக்கும் எண் அது. எல்லையில் போய் ஒட்டிக்கொண்ட மதிப்பை விடை என்று எழுதக் கூடாது.

தேய்வு எண்ணை நகர்த்தும் படத்தை வரையச் சொன்னேன். பள்ளமே இல்லை. தேய்வு எண் குறையக் குறையக் கூட்டலும் குறைந்துகொண்டே போய் 0.008-ஐ ஒட்டித் தட்டையாகிவிட்டது. 0.001-இல் இறுதி வேகம் −32-ஐ ஒட்டி, 0.0001-இல் −370-ஐ ஒட்டி வந்தது. இரண்டு படத்திலும் வளைவு தரவுப் புள்ளிகள் மேல் ஒரே மாதிரி அமர்கிறது. காரணம், அந்த ஆறு புள்ளிகள் ஏறத்தாழ ஒரே நேர்கோட்டில் இருக்கின்றன. வளையாத தரவிலிருந்து வளைவின் மூன்று மதிப்பை எடுக்க முடியாது. எந்தத் தொடக்க மதிப்பும் எந்தக் கட்டளையும் இதற்குத் தீர்வு அல்ல.

ஏன் 45 நிமிடத்தில் நிறுத்தினார்கள் என்று விசாரித்தேன். மற்ற இடங்களில் 45 நிமிடத்துக்குள் வேகம் அடங்கிவிட்டதால் இங்கும் அது போதும் என்று எண்ணியிருக்கிறார்கள். உடன் இருந்த, ஊரில் நீர் பாய்ச்சும் பெரியவர், “இன்னும் எறங்கிக்கிட்டுத்தான் இருக்கு தாயி, அதுக்குள்ள ஏன் கழட்டுறீங்க?” என்று கேட்டிருக்கிறார்.

வழிகாட்டியும் நானும் மாணவியும் பேசி மூன்று முடிவுகள் எடுத்தோம். அந்த இடத்துக்கு ஹார்ட்டன் மதிப்புகளைத் தருவதில்லை. மழைக்கு முன் முடிந்தவரை மீண்டும் அளப்பது. ஃபிலிப் 1957-இல் தந்த இரண்டு உறுப்புச் சமன்பாட்டையும் எல்லா இடங்களுக்கும் பொருத்தி வைப்பது. அது நேரத்தின் வர்க்கமூலத்தையும் நேரத்தையும் மட்டும் கொண்டது, எல்எம் கட்டளையிலேயே முடிந்துவிடும். தொடக்க மதிப்பு தேவைப்படாத ஒரு சமன்பாடு பக்கத்தில் இருந்தால் ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.

பின்னர் நடந்தது

செப்டம்பர் கடைசியில் மடையோரத்து இடத்தில் மீண்டும் வளையம் இறக்கி 5 மணி நேரம் வரை அளந்தார்கள். நிழல் இல்லாத உள்வாயில் அது எளிதான வேலை அல்ல. கடைசி அளவுகள் 2-க்கும் 2.5-க்கும் இடையே நின்றன. இந்த முறை எஸ்எஸ்அசிம்ப் ஒரே ஓட்டத்தில் முடிந்தது. இறுதி வேகம் 2-க்குச் சற்று மேல், தேய்வு எண் 0.01-ஐ ஒட்டி. தேய்வு எண் 0.01 என்றால் உயரம் பாதியாக 69 நிமிடம் வேண்டும். 45 நிமிட அளவு ஏன் நேர்கோடாகத் தெரிந்தது என்பதற்கு விளக்கமும் அதுவே.

இதேபோல் பாதியில் நிறுத்திய இன்னோர் இடம் கரிசல் கண்மாயில் இருந்தது. அங்கே போவதற்குள் மழை முந்திக்கொண்டது, உள்வாயில் தண்ணீர் ஏறிவிட்டது. ஆய்வேட்டில் அந்த இடத்துக்குக் கடைசியாக அளந்த வேகத்தை மட்டும் தந்து, ஹார்ட்டன் மதிப்புகளுக்குரிய கட்டங்களைக் காலியாக விட்டு, காரணத்தை அடியில் எழுதினார். வாய்மொழித் தேர்வில் அந்தக் காலிக் கட்டத்தைப் பற்றித்தான் அதிகம் கேட்டார்கள். மடையோரத்தின் இரண்டு படங்களையும் காட்டி அவர் விளக்கினார்; ஏற்றுக்கொண்டார்கள்.

மாற்றியவை

களத்தாளில் நேரம், வேகம் என்ற தலைப்புகளுக்குக் கீழே அலகை அச்சடித்தே வைத்தார்கள். எப்போது நிறுத்துவது என்பதைக் கடிகாரம் முடிவு செய்வதில்லை. தொடர்ந்து மூன்று அளவுகள் ஒன்றுக்கொன்று மாறாமல் நின்றால்தான் வளையத்தைக் கழற்றுவது. முதல் அளவை 5-ஆம் நிமிடத்துக்குப் பதில் 1, 2, 3 நிமிடங்களிலேயே எடுக்கத் தொடங்கினார்கள், ஏனென்றால் தொடக்க வேகத்தைப் பற்றிப் பேசும் புள்ளிகள் அங்கேதான் இருக்கின்றன.

கணினிப் பக்கம், ஒவ்வோர் இடத்துக்கும் தொடக்க மதிப்பு எது, எந்தப் புள்ளியிலிருந்து எடுத்தது என்று கட்டளைக்கு மேலேயே குறிப்பு எழுதும் பழக்கம் வந்தது. தேய்வு எண்ணை நகர்த்தும் படம் எல்லா இடங்களுக்கும் பின்னிணைப்பில் சேர்ந்தது.

இன்னொன்றை அடுத்து வருபவர்களுக்கு விட்டுவைத்திருக்கிறோம். ஒவ்வோர் அளவும் உண்மையில் ஓர் இடைவெளியின் சராசரி வேகம். அதை இடைவெளியின் முடிவு நேரத்தில் வைப்பதா, நடு நேரத்தில் வைப்பதா என்பதைப் பொறுத்துத் தொடக்க வேகம் மாறும், வேகம் சட்டென இறங்கும் கரிசல் தரையில் இன்னும் கூடுதலாக. இறங்கிய மொத்த நீரின் ஆழத்தையே ஹார்ட்டனின் தொகையீட்டு வடிவத்தில் பொருத்தினால் அந்தச் சிக்கல் இல்லை. ஆனால் அடுத்தடுத்த மொத்தங்கள் ஒன்றின் பிழையை ஒன்று சுமப்பதால் திட்டப்பிழையை அப்படியே நம்ப முடியாது. இப்போதைய மாணவர் ஒருவர் அதே களத்தாள்களை வைத்து இரண்டு வடிவத்தையும் ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறார்.